சேலத்தில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு: சென்ட், பவுன், நூல், முழம் கணக்கு

சேலத்தில் நிலம், நகை, கட்டடச் சாமான் எதை வாங்கப் போனாலும் விலை ஓர் அளவில் பேசப்படும், காகிதத்தில் வேறோர் அளவு இருக்கும். வாயில் சென்ட், பட்டாவில் ஏர். வாயில் பவுன், தராசில் கிராம். கொத்தனார் சொல்வது நூல், கம்பியில் அச்சடித்திருப்பது மில்லிமீட்டர். இரண்டு முறையிலும் தவறில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில்தான் பணம் கைநழுவுகிறது. அந்த மாற்றத்தைத் தவறில்லாமல் செய்ய வேண்டிய கணக்குகள் மட்டும் இங்கே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய அளவில் பேசுகிறவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ‘முக்காலே அரைக்கால் பவுன்’ என்ற மாத்திரத்தில் 7 கிராம் என்று சொல்லிவிடும் ஆளுக்குப் பின்னக் கணக்கு விரல்நுனியில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் எடைகள் வந்தபின் வீசை, பலம், மணங்கு எல்லாம் கடைகளிலிருந்து போய்விட்டன. தினமும் வாங்கும் சாமானுக்கு எடைக்கல்லையும் விலைப்பலகையையும் மாற்றினால் போதும், சில வருடங்களில் பழகிவிடும். நிலத்துக்கும் நகைக்கும் அது நடக்கவில்லை. பக்கத்துக் காடு (இங்கே விளைநிலத்தைக் காடு என்பார்கள்) போன வருடம் சென்ட் என்ன விலைக்குப் போனது, அக்கா கல்யாணத்தில் பவுன் என்ன விலை விற்றது என்ற ஒப்பீட்டில்தான் அங்கே விலையே உருவாகிறது. அதனால் பழைய அளவு நிலைத்துவிட்டது. அவர்கள் அளவில் பேசுங்கள், மெட்ரிக்கில் சரிபாருங்கள். இதுதான் சேலத்தில் எடுபடும் வழி.

1. பின்னமும் தசமமும்

பேச்சில் வரும் பின்னங்களைக் கால்குலேட்டரில் போட இவ்வளவு தெரிந்தால் போதும்: கால் 0.25, அரை 0.5, முக்கால் 0.75, அரைக்கால் 0.125, வீசம் அல்லது மாகாணி 0.0625. ‘ஒண்ணேகால்’ 1.25. ‘ஒண்ணே அரைக்கால்’ 1.125.

அடி, அங்குலத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை இங்கேதான். 30 அடி 11 அங்குலத்தை 30.11 என்று கால்குலேட்டரில் போடுவார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம், ஆகவே 11 அங்குலம் என்பது 11 ÷ 12 = 0.917 அடி. சரியான எண் 30.917. சுமார் 10 அங்குலம் காணாமல் போகிறது. 40 அடி நீளச் சுவரில் அது 32 சதுர அடி. அங்குலத்தை எப்போதும் 12ஆல் வகுத்த பிறகே அடியோடு கூட்டுங்கள்.

2. நிலம்

மனை, காடு, தோட்டம் எதுவானாலும் இந்த எண்களைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
100 சென்ட் = 1 ஏக்கர் = 43,560 சதுர அடி
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட்
100 ஏர் = 1 ஹெக்டேர் = 2.471 ஏக்கர்

30க்கு 40 மனை 1,200 சதுர அடி, அதாவது 2.75 சென்ட். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் ‘கிரவுண்டு’ 2,400 சதுர அடி. இங்கே அந்தப் பேச்சு குறைவு. சென்ட்டிலோ சதுர அடியிலோ கேளுங்கள்.

அடுத்து, பட்டாவை ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் எடுத்துப் பாருங்கள். பரப்பு ‘ஹெக் – ஏர்’ என்ற கட்டத்தில் இருக்கும். உதாரணத்துக்கு 0 – 40.50 என்று இருந்தால் அது 0 ஹெக்டேர், 40.50 ஏர். இதை 40 சென்ட் என்று படிப்பவர்கள் நிறையப் பேர். 40.50ஐ 2.471ஆல் பெருக்குங்கள்: 100.08 சென்ட், முழு ஏக்கர். எதிர்ப்பக்கமும் பாருங்கள். ‘ஒரு ஏக்கர்’ என்று விலை பேசிய காட்டின் பட்டாவில் 0 – 38.00 என்று இருந்தால் அது 93.9 சென்ட்தான். சென்ட் ஒரு லட்சம் என்று பேசியிருந்தால் ஆறு லட்சம் ரூபாய் இல்லாத நிலத்துக்குப் போகிறது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘ஏக்கர் ஒன்று’ என்று இருந்திருக்கும், பாதைக்கோ ஓடைக்கோ கொஞ்சம் போயிருக்கும், குடும்பம் இன்னமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். விலையை மொத்தமாகப் பேசாமல் ‘அளந்து வரும் பரப்புக்குச் சென்ட் இவ்வளவு’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் அதில் உள்ள பரப்பு எல்லாப் பங்குதாரர்களுக்கும் சேர்த்தது. உங்களுக்கு விற்பவரின் பங்கு எவ்வளவு என்பது பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் தெரியும்.

பழைய புலப்படம் (நில அளவை வரைபடம்) கையில் கிடைத்தால் பக்க அளவுகள் லிங்க்கில் இருக்கலாம். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் சரியாக 10 சென்ட். எனவே லிங்க்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் சென்ட் வந்துவிடும். 250 லிங்க் × 160 லிங்க் என்றால் 40 சென்ட். பழைய முறையின் அழகு இது, மாற்று எண் எதுவும் தேவையில்லை. ஆனால் அதே படத்தை மீட்டர் என்று எண்ணிக்கொண்டு அளந்தால் ஒன்றும் பொருந்தாது. படத்தின் ஓரத்தில் அலகு என்னவென்று பார்த்துவிட்டுத்தான் டேப்பை விரிக்க வேண்டும்.

பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கும் இருக்கும், சதுர மீட்டருக்கும் இருக்கும். சதுர மீட்டர் மதிப்பை 10.764ஆல் வகுத்தால் சதுர அடி மதிப்பு.

ஏற்காட்டில் நிலம் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. பட்டாவில் உள்ள பரப்பு சமதளப் பரப்பு. சரிவின் மேலேயே டேப்பைப் படுக்கவைத்து அளந்தால் நீளம் கூடித்தான் காட்டும். 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் டேப் போனால் சமதளத்தில் அது 86.6 மீட்டர், 20 பாகையில் 94 மீட்டர். சரியாக அளக்க, டேப்பின் ஒரு முனையை மேட்டில் தரையோடு வைத்து, மறு முனையைப் பள்ளத்தில் உயர்த்தி, ரசமட்டத்தால் கிடைமட்டமாக்கி, அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிடுங்கள். பிறகு அந்தக் குறியிலிருந்து அடுத்த துண்டு. சரிவு அதிகமான இடத்தில் ஒரு துண்டு 5 மீட்டருக்கு மேல் வேண்டாம், டேப் தொய்ந்துவிடும்.

3. கட்டடம்

இங்கே தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார்கள். 1 நூல் 3.175 மில்லிமீட்டர். ‘ஒண்ணரை இஞ்சு ரெண்டு நூல்’ என்பது 1¾ அங்குலம், சுமார் 44.5 மில்லிமீட்டர். கடையில் விற்கும் டேப்பில் அங்குலம் பெரும்பாலும் பதினாறாகப் பிரிந்திருக்கும். அதில் மிகச் சிறிய கோடு அரை நூல், ஒரு நூல் அல்ல. கதவு நிலைக்கு அளவு கொடுக்கும்போது இந்த ஒரு குழப்பம் போதும், பலகை உட்காராது. நூலில் சொல்கிறவரிடம் நூலில் சொல்லுங்கள், ஆனால் தாளில் மில்லிமீட்டரிலும் எழுதிக் கொடுங்கள்.

ஜல்லியின் பேரே பின்னம்தான். முக்கால் ஜல்லி 20 மில்லிமீட்டர், அரை ஜல்லி 12, ஒன்றரை ஜல்லி 40. கூரைக்குக் கான்கிரீட் போட முக்கால் ஜல்லி என்று பொறியாளர் எழுதியிருக்கும் இடத்தில் ஒன்றரை ஜல்லி வந்தால் கம்பிகளுக்கு நடுவே இறங்காமல் பொந்து விழும்.

எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டில் விற்கும். 1 யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். லாரி வந்து நின்றதும் கொட்டவிடாதீர்கள். உள்பக்க நீளம், அகலம், சாமான் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுங்கள். 14 × 7 × 3 = 294, அதாவது 2.94 யூனிட். குவித்து வந்திருந்தால் மேலே கோபுரமாகத் தெரியும், பார்ப்பதற்கு நிறைய இருக்கும். பலகையால் சரிமட்டம் தட்டிவிட்டு உயரத்தை நான்கு மூலையிலும் நடுவிலும் குச்சி விட்டுப் பார்த்து சராசரி எடுங்கள். ஈரமான நைஸ் மணலில் கன அளவை நம்பவே கூடாது. சிறிது ஈரம் பட்டதும் துகள்கள் விலகி நின்று மணல் ஊதிக்கொள்ளும், 20 சதவீதத்துக்கு மேலும் போகும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த மணலை அழுத்தாமல் போட்டு உயரத்தைக் குறித்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் படியவிட்டால் எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த இறக்கம்தான் நீங்கள் காற்றுக்குக் கொடுக்க இருந்த பணம்.

கம்பியில் கணக்கு எளிது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.889. ‘நாப்பதடி கம்பி’ என்று சொல்வது உண்மையில் 12 மீட்டர், 39.37 அடி. எனவே 10 மி.மீ. கம்பி ஒன்று 7.4 கிலோ. எத்தனை கம்பி என்று எண்ணிப் பெருக்கி எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இந்தியத் தரநிலைப்படி 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதைத் தாண்டிக் குறைந்தால் கம்பி மெலிந்தது. எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு, எடைக்குக் கொடுத்திருந்தாலும் கட்டடத்தின் பலம் போய்விட்டது.

4. நகையும் கொலுசும்

1 பவுன் 8 கிராம். பழைய தங்கக் காசான சவரன் 7.988 கிராம். வியாபாரத்தில் அது 8 ஆகவே நடக்கிறது. கால் பவுன் 2, அரைக்கால் 1 கிராம். செய்தியில் 10 கிராம் விலை சொன்னால் அது ஒண்ணேகால் பவுன் விலை, பவுன் விலையோடு நேராக ஒப்பிடக் கூடாது. 24 காரட் விலையையும் 22 காரட் விலையையும் அதேபோலக் கலந்துவிடாதீர்கள். 22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம்.

கடைகளை ஒப்பிடும்போது ஒரு கடை ‘சேதாரம் 10 சதவீதம்’ என்னும், இன்னொன்று ‘செய்கூலி கிராமுக்கு இவ்வளவு’ என்னும். இரண்டையும் கிராமுக்கு மாற்றுங்கள். கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 சதவீதச் சேதாரம் கிராமுக்கு 1,000 ரூபாய். செய்கூலி 800 என்று சொல்லும் கடை மலிவு, 1,200 என்றால் அல்ல. கல் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. நகையில் உள்ள ஆறு எழுத்து அடையாள எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம், இதற்குச் செலவில்லை.

வெள்ளியில் கவனம் அதிகம் வேண்டும். செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், பள்ளப்பட்டி பக்கம் கொலுசுத் தொழில் இருப்பதால் சேலத்தில் வெள்ளி வாங்கப் பலர் வருவார்கள். இங்கே தரத்தை ‘டச்சு’ என்பார்கள், நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பது. 80 டச்சு கொலுசு 100 கிராம் என்றால் 80 கிராம்தான் வெள்ளி. வாங்குமுன் இரண்டு கேள்வி: இது எத்தனை டச்சு? திருப்பிக் கொடுத்தால் எத்தனை டச்சுக்கு எடுப்பீர்கள்? இரண்டு பதிலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

5. சந்தை

பூ மொத்த வியாபாரத்தில் கிலோ, தெருவில் முழம். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறத்தாழ 45 செ.மீ. அளக்கும் கை யாருடையது என்பதால் வரும் வித்தியாசம் ஓரிரு அங்குலம்தான். பெரிய வித்தியாசம் கட்டின் நெருக்கத்தில் இருக்கிறது. ஒரே முழத்தில் பூ பாதியாகவும் இருக்கலாம். கல்யாணத்துக்கு மொத்தமாகச் சொல்லும்போது ஒரு சாண் மாதிரி கட்டி வாங்கி, அதே நெருக்கத்தில் இத்தனை மீட்டர் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு முழம் வாங்கும்போது இதெல்லாம் வேண்டாம். பூக்காரம்மாவின் கை போதுமான அளவுகோல்.

துணியில் ஆறு கெஜம் புடவை 5.49 மீட்டர். எட்டு முழ வேட்டி 3.6 மீட்டரை ஒட்டி வரும்.

தானியத்தைப் படியிலும் வள்ளத்திலும் கொடுப்பவர்கள் சுற்று ஊர்களில் இன்னும் உண்டு. நாலு படி ஒரு வள்ளம் என்பார்கள், ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். ஒரு படி அளந்து தராசில் வைத்து, அந்தக் கிலோவுக்கு விலையைப் பிரித்துப் பாருங்கள். அரிசியின் எடை கம்பின் எடை அல்ல, ஒவ்வொரு தானியத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். தலைதட்டியதா குவித்ததா என்பதும் விலையில் சேர்த்தி.

மரவள்ளிக் கிழங்கு விற்க வருகிற புது விவசாயிகளுக்கு: ஜவ்வரிசி ஆலையில் டன் எடை மட்டும் விலையைத் தீர்மானிக்காது, மாவுச்சத்தைக் குறிக்கும் ‘பாயிண்ட்’டும் சேரும். பாயிண்டுக்கு ரூபாய் இவ்வளவு என்று பேசினால், டன் விலை அதைப் பாயிண்டால் பெருக்கி வருவது. பாயிண்டுக்கு 300 என்று வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400, 25 பாயிண்ட் 7,500. சோதனை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மண் ஒட்டிய கிழங்கு எடையிலும் சோதனையிலும் தகராறு கொண்டுவரும்.

தராசில் பார்க்க வேண்டியவை: வைக்கும் முன் பூஜ்யம், சமமான மேடை, முத்திரை. மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். சான்றிதழைக் கடையில் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பையிலுள்ள பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். உறையின் எடையால் சில கிராம் கூடக் காட்ட வேண்டுமே ஒழியக் குறையக் கூடாது. எடை குறைவுக்குப் புகார் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம், அல்லது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில். அஸ்தம்பட்டி, சூரமங்கலம் போன்ற உழவர் சந்தைகளில் கிலோ விலைப்பலகை இருப்பதால், புது ஆட்களுக்கு விலை பழக அதுவே நல்ல இடம்.

6. மலைமேல்

ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரம், 4,970 அடி. எஸ்டேட்காரர்கள் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் சொல்வார்கள். இந்த சென்ட்டுக்கும் நிலத்து சென்ட்டுக்கும் தொடர்பில்லை. இது அங்குலத்தில் நூறில் ஒன்று, 0.254 மில்லிமீட்டர். ‘ராத்திரி நாப்பது சென்ட்’ என்றால் சென்ட்டை நாலால் வகுங்கள்: 10 மில்லிமீட்டர் மழை. காபி பூக்க எதிர்பார்க்கும் கோடைமழை சுமார் ஓர் அங்குலம், 25 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்து 20, 30 சென்ட்டோடு நின்றால் மொட்டு சரியாக விரியாது. அந்த நேரத்தில் மழைமானியை ஒழுங்காகப் படிப்பது விளைச்சல் சம்பந்தப்பட்ட காரியம். மழைமானிக்கென்று வந்த அளவுக் குவளையை உடைத்துவிட்டால் கடையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்காதீர்கள். குவளையின் கோடுகள் அந்தப் புனலின் வாய் அகலத்துக்கென்றே போட்டவை. தினமும் காலை 8.30க்குப் படித்தால் வானிலைத் துறைக் கணக்கோடு ஒப்பிடலாம்.

செடி இடைவெளியில் நடக்கும் பிழை பெரியது. 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு 1,210 செடி. மெட்ரிக் டேப்பைப் பிடித்துக்கொண்டு ‘ஆறடி, ரெண்டு மீட்டர்னு வச்சுக்கோ’ என்று நட்டால் 1,012தான் வரும். ஆறடி என்பது 1.83 மீட்டர். நாற்று வாங்கும் முன்னரே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், கயிற்றில் 1.83க்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டால் போதும்.

காபி விலை கேட்கும்போது எந்த நிலையில் உள்ள காபி என்பது அளவைவிட முக்கியம். அரபிகா பழம் சுமார் 6 கிலோவுக்குச் சுத்தம் செய்த கொட்டை 1 கிலோ. பார்ச்மென்ட்டும் (சதை நீக்கி உள்தோலோடு காயவைத்த கொட்டை) காய்ந்த செர்ரியும் (முழுசாகக் காயவைத்த பழம்) 50 கிலோ மூட்டைக்கு விலை பேசப்படும். பார்ச்மென்ட் மூட்டையில் 40 கிலோவை ஒட்டிக் கொட்டை தேறும், காய்ந்த செர்ரியில் ஏறத்தாழ பாதி. பழ விலையை மூட்டை விலையோடு நேராக ஒப்பிட்டு விற்றவர்கள் பின்னால் வருத்தப்படுவார்கள்.

7. மேட்டூர்

சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு மேட்டூர் அணை நிலவரத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்க முடியாது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,832 கோடி லிட்டர். உயரத்தை நீர் இருப்பாக எண்ண வேண்டாம். அணை அடியில் குறுகலாகவும் மேலே விரிந்தும் இருக்கிறது. 100 அடி என்பது உயரத்தில் 83 சதவீதம், ஆனால் நீர் சுமார் 65 டி.எம்.சி., 70 சதவீதத்தை ஒட்டித்தான். மேலே ஏறும் ஒவ்வோர் அடியும் கீழே ஏறிய அடியைவிட அதிகத் தண்ணீர்.

நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆகவே விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. வரத்து 30,000, திறப்பு 12,000 என்று செய்தியில் இருந்தால் மிச்சம் 18,000. அதை 11,574ஆல் வகுங்கள்: ஒரு நாளில் ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் ஏற வேண்டும். மறுநாள் இருப்பைப் பாருங்கள். ஆவியாவதும், நாள் முழுக்க வரத்து ஒரே சீராக இல்லாததும் சேர்ந்து சற்று முன்பின்னாகத்தான் இருக்கும்.